மூன்று பக்க வசனம்

அந்த உடையைத் தைத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் பலரைத் திட்டப் போகிறேன். திட்டுகிறவளின் கை சுத்தம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் நான் மனையியல் ஆசிரியை. லண்டனுக்கு வந்த பிறகு அந்தச் சான்றிதழை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மாலை வகுப்பில் ஆங்கிலத் தையல் பழகி, எண்பதுகளின் நடுவில், மேற்கு லண்டனில் தொலைக்காட்சி நாடகங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் உடைப் பிரிவில் சேர்ந்தேன். ஹரோவில் விடியற்காலை ரயில் ஏறினால் ஏழு மணிக்கு ஊசியும் கையுமாக இருப்பேன். மூன்று மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம். அது முடிகிற வாரத்தில் எல்லோரையும் பார்த்துச் சற்றுக் கூடுதலாகச் சிரிக்க வேண்டும்.

தொலைக்காட்சி உடை என்பது பாதிப் பொய். முன்னால் இருபது பொத்தான் தெரியும், பின்னால் இழுத்துப் பூட்டுகிற ஒரு சிப் இருக்கும். இரண்டு நிமிடத்தில் மாட்டி இரண்டு நிமிடத்தில் கழற்ற வேண்டும் என்பதால், மடிப்புகளை ஓரிடத்தில் நிறுத்தி, உள்ளே கொக்கி தைத்துப் பூட்டிவிடுவோம். நான் கொக்கி வைத்த பிறகு அந்த உடையை வேறு விதமாக உடுத்த ஏலாது. நான் வைத்ததுதான் வைப்பு.

அந்த நடிகையை நான் முதலில் பிணமாகத்தான் சந்தித்தேன். ஒரு துப்பறியும் தொடர். தேம்ஸ் கரையில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் உடல் வேண்டும், கிழக்கத்திய முகமாக இருக்க வேண்டும் என்று தேடி அழைத்து வந்திருந்தார்கள். ஐம்பதை நெருங்கிய, மெலிந்த, முதுகு வளையாத ஒரு ஜப்பானியப் பெண்மணி. நனைந்த உடையோடு சீமெந்துத் தரையில் நான்கு மணித்தியாலம் கிடந்தார். இடைவேளையில் எல்லோருக்கும் தேநீர் போனது. பிணத்துக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் போய் ஒரு கம்பளியைப் போர்த்தி, என்னுடைய பிளாஸ்கில் இருந்த இஞ்சித் தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி, தலை குனிந்து நன்றி சொன்னார். அந்த நேரம் பார்த்து உதவி இயக்குநர் பையன் ஒருவன் ஓடி வந்து, தலைமுடி கலைகிறது, படுங்கள் என்றான்.

அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை எங்கள் பிரிவுக்கு வருவார். குண்டூசி குத்தாமல் இருக்க அசையாமல் நிற்க வேண்டிய நேரத்தில், துண்டு துண்டாகத் தன் கதையைச் சொன்னார். நான் ஆசிரியையாக இருந்தவள் என்று தெரிந்ததிலிருந்து என்னை "சென்ஸே" என்றுதான் கூப்பிட்டார். அவர்களுடைய மொழியில் அது ஆசிரியருக்குச் சொல்கிற மரியாதைச் சொல். லண்டனில் என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

கியோட்டோவில் ஒரு சினிமா ஸ்டூடியோவில், தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் பெண்ணாகப் பதினேழு வயதில் வேலைக்குப் போனவர். அவருடைய குரலைக் கேட்ட இயக்குநர் ஒருவர், இந்தக் குரலுக்கு முகம் எப்படியிருக்கும் என்று பார்க்கவே கீழ்மாடிக்கு இறங்கி வந்தாராம். இரண்டு வருடத்தில் கதாநாயகி. அந்தக் காலத்தில் அங்கே நடிகைகளை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். ஒரு படம் முடிந்த மறுநாள் அடுத்த படம். வாள்வீரனின் மனைவி, வியாபாரியின் மகள், தீவொன்றின் பள்ளிக்கூட ஆசிரியை, கணவனைக் கொன்ற கொலைகாரி. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்து கொட்டகைகள் மூடப்பட்டபோது, கூட நடித்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருக்க, இவர் தொலைக்காட்சிக்குப் போனார். காலை நேரத் தொடரொன்றில் சோயா சோஸ் கடை நடத்தும் விதவையாக வந்தார். தெருவில் பெண்கள் அவரை மறித்துத் தங்கள் மருமகள்களைப் பற்றி முறையிடுவார்களாம். நாற்பது கடந்த பிறகு ஒரு ஆங்கிலேயரைக் கல்யாணம் செய்து இங்கே வந்தார்.

"அத்தனை வருடம் நடித்தும் அங்கே இரண்டு தடவைதான் செத்தேன்," என்றார் ஒருநாள், கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடி. "இங்கே இது ஏழாவது."

அவர் சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. சீனக் கிழவி வேண்டுமென்றாலும் அவர், வியட்நாம் அகதி வேண்டுமென்றாலும் அவர், சாப்பாட்டுக் கடையில் குனிந்து கும்பிட ஆள் வேண்டுமென்றாலும் அவர். இந்த நாட்டில் நடிக்க வேண்டுமென்று மூன்று வருடம் மாலை வகுப்புக்குப் போய் ஆங்கிலம் படித்தவர். நடிகர் தேர்வுக்குப் போனால், உங்கள் ஆங்கிலம் அளவுக்கு மிஞ்சி நன்றாக இருக்கிறது, கொஞ்சம் உடைத்துப் பேசுங்கள் என்பார்களாம். மூன்று வருடம் கஷ்டப்பட்டு ஒட்டியதை மூன்று நிமிடத்தில் உடைக்க வேண்டும். அவர் உடைத்தார். வேலை வேண்டுமே.

என்னையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. இந்தியச் சந்தைக் காட்சிக்கு ஆள் போதாதென்று, ஒருநாள் தையல் மெஷினிலிருந்து எழுப்பி, முக்காடு போட்டு, கையில் கூடையைத் தந்து, உங்கள் ஊரில் குந்துவதுபோல் குந்துங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் நான் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் என்று சொன்னேன். "லவ்லி" என்றார்கள். குந்தினேன்.

பிறகுதான் அந்த மூன்று பக்கம் வந்தது. போரைப் பற்றிய ஒரு பெரிய தொடர். போர் முடிந்து, ஜப்பானில் ஒரு ஆங்கிலேய அதிகாரி. போர்க்குற்றத்துக்காக அவன் மரண தண்டனை விதித்த ஓர் இளைஞனின் தாய் அவனைப் பார்க்க வருகிறாள். உயிர்ப்பிச்சை கேட்க வரவில்லை. என் மகன் என்ன செய்தான் என்பதை ஒன்றுவிடாமல் எனக்குச் சொல்லுங்கள், நான் பெற்றது எது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று கேட்க வருகிறாள். மூன்று பக்கம், அவள் மட்டும் பேசுகிறாள். அந்தத் தாய் வேடம் அவருக்குக் கிடைத்தது. அந்த மூன்று தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அளவு எடுக்கும்போது உதடு மட்டும் அசையும்.

"இந்த நாட்டில் இதுவரை நான் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அரைப் பக்கம் வராது," என்றார். "இதை ஒளிபரப்பினால், சென்ஸே, நான் நடிகை என்று இங்கே யாராவது ஒருவருக்காவது தெரிந்துவிடும்."

இனி எங்கள் உடை டிசைனருக்கு வருகிறேன். பெரிய கெட்டிக்காரர். ஆங்கில ராணிமார், பிரபுக்கள் எல்லோருக்கும் உடை போட்டவர். அந்தத் தாய் உடுத்தும் ஜப்பானியக் கிமோனோவுக்காக நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துப் பார்த்தார். பார்த்தவருக்கு ஒரு சந்தேகம். படங்களில் ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரி, இடப்பக்கத் துணியை வலப்பக்கத்தின் மேல் போட்டு மூடியிருந்தார்கள். ஆங்கிலத் தையலில் அது ஆண்களுக்குரியது. பெண்களின் சட்டைக்கு வலப்பக்கம்தான் மேலே வரும். எனக்கு மாலை வகுப்பில் சொல்லித்தந்த முதல் பாடமே அதுதான். ஆகவே அவர் ஜப்பானியர்களின் பிழையைத் தானே திருத்திவிட்டார்! வலது மேலே வரும்படி வரைந்து, அந்த மேல்பக்கத்தில் கண்ணில் படும்படி ஒரு பூங்கிளையும் வைத்தார். லண்டனில் ஜப்பானியருக்கா பஞ்சம்? எங்கள் நடிகையிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. படத்தைப் பார்த்தேன், பெண்ணுடை, வலது மேலே, சரி என்று உள்ளே ஐந்து கொக்கி வைத்துப் பூட்டினேன். நடிகை அளவுக்கு வந்தபோது முன்பக்கம் இன்னும் தைக்கப்படாமல் திறந்து கிடந்ததால் அவருக்கும் தெரியவில்லை.

படப்பிடிப்பன்று காலையில்தான் முழு உடையையும் மாட்டினேன். கண்ணாடியைப் பார்த்தவர் முன்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, மெதுவாக, "எங்கள் ஊரில் இறந்தவர்களுக்குத்தான் இப்படி மூடுவார்கள். பெட்டியில் வைக்கும்போது," என்றார்.

உடனே டிசைனரைக் கூப்பிட்டேன். வந்தார், கேட்டார், சிரித்தார். பூங்கிளை மறைந்தால் உடைக்கு உயிரே இல்லை என்றார். பார்க்கிறவர்களில் யாருக்குத் தெரியப் போகிறது என்றார். கதவுவரை போனவர் திரும்பி நின்று, கஷ்டமென்றால் சொல்லுங்கள், வெளியே கூட்டக் காட்சிக்கு வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கும் இந்த அளவு சரியாக இருக்கும் என்றார். அந்தப் பெண் ஹொங்கொங்கைச் சேர்ந்தவள், வயது இருபத்தைந்து. அதைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

நடிகை கைப்பையைப் பார்த்தார். அதற்குள் அந்த மூன்று தாளும் இருந்தன. அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன யோசனைகளில் இதைவிடக் கேடு கெட்டது இல்லை. காலையில் எடுப்பது வசனமில்லாத சின்னக் காட்சிதான். வாசலில் வந்து நிற்பதும் கண் கலங்குவதும். தூரத்திலிருந்து எடுப்பார்கள், ஒன்றும் தெரியாது. இதற்கு மட்டும் எப்படியாவது சமாளியுங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொக்கிகளை நான் மாற்றிவிடுகிறேன் என்றேன். வந்த இடத்தில் வாயை மூடிச் சமாளித்துப் பிழைத்தவளுக்கு வேறென்ன யோசனை வரும்? அவர் என்னை நம்பினார். பிணத்துக்குரிய உடையோடு வாசலில் போய் நின்று அழுதார்.

மதியம் நாற்பது நிமிடம். யாரிடமும் கேட்காமல் ஐந்து கொக்கியையும் அறுத்து மறுபக்கம் தைத்தேன். இடது மேலே வந்தது, பூங்கிளை உள்ளே போனது. உடை அவர் உடம்பில் உட்கார்ந்ததும் ஆளே மாறிவிட்டார். தோள் இறங்கியது, கழுத்து நீண்டது. டிசைனர் பார்த்தபோது விளக்குகள் போட்டாகிவிட்டது. "கிளை எங்கே?" என்று என் காதருகில் சீறினார். அதற்குள் கமெரா ஓடத் தொடங்கியது. இனி மூச்சுவிடக்கூட முடியாது.

மூன்று பக்கத்தையும் ஒரே டேக்கில் முடித்தார். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. முடிந்த பிறகும் இயக்குநர் "கட்" சொல்லச் சற்று நேரமானது. அதிகாரியாக நடித்தவர் முடிவில் தான் சொல்ல வேண்டிய ஒரே வரியை மறந்துவிட்டார். என் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பிறகு, காட்சிக்குக் காட்சி எல்லாம் பொருந்துகிறதா என்று கவனிக்கும் பெண் தன் பொலராய்ட் படங்களோடு வந்தாள். காலையில் எடுத்ததில் பூங்கிளை இருக்கிறது, இப்போது இல்லை. இப்படி இரண்டையும் ஒட்ட முடியாது என்றாள். நான் செய்ததுதான் என்று சொன்னேன். காலைக் காட்சியைத் திரும்ப எடுங்கள், பத்து நிமிடம் போதும் என்று கெஞ்சினேன். நேரமில்லையாம். அதே நாளில் ஒரு ஜீப் வந்து வாசலில் நிற்பதைப் பதினொரு தடவை எடுத்தார்கள். ஜீப்புக்கு நேரம் இருந்தது. எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று இயக்குநர் என் தோளில் தட்டினார்.

ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் பெரிய ஆரவாரம். அண்ணை குடும்பத்தைக் கூப்பிட்டு, மீன் ரோல்ஸ் பொரித்து, வீடியோவில் புது நாடா போட்டு வைத்திருந்தேன். அதிகாரியின் அலுவலக வாசல் வந்தது. எங்கள் நடிகை வந்து நின்றார். தூரத்திலிருந்து எடுக்கவில்லை, மார்பளவுக்குக் கிட்டப் போய் எடுத்திருந்தார்கள். வலது மேலே, பூங்கிளை பளிச்சென்று. கண் கலங்கினார். கதவு மூடியது. அடுத்த காட்சியில், பிறகு எழுதிச் சேர்த்த வசனத்தில், அந்த அதிகாரி இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொல்கிறான்: "பாவம் அந்தத் தாய், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை."

"முடிஞ்சுதே?" என்று மச்சாள் கேட்டா. "அவா வாயே திறக்கேல்லையே!"

"மூண்டு பக்கம் கதைச்சவா மச்சாள்! நான் அங்க நிண்டனான்!"

"சரி, வெட்டிப்போட்டினம் போல. விடும்," என்றார் என் கணவர். "அதுக்கேன் நீர் இப்பிடிக் கத்துறீர்?"

"செத்த ஆளுக்கு உடுத்திற மாதிரி உடுத்தினதை மட்டும் காட்டியிருக்கினமப்பா! அதை மட்டும்!"

"இஞ்ச ஆருக்கப்பா அது தெரியப் போகுது?" என்றார். ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். அன்றிரவு அவரோடு நான் கதைக்கவில்லை. டிசைனர் சொன்ன அதே வார்த்தையை என் வீட்டுச் சோபாவிலிருந்து கேட்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறுவனத்தின் தலைவருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். எங்கள் நிகழ்ச்சியில் நீங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அடுத்த வருடம் அந்தத் தொடரின் உடைகளுக்காக டிசைனருக்கு ஒரு பரிசும் கிடைத்தது. எங்கள் பிரிவில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். நான் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டேன், எல்லோரும் பார்க்கும்படி. ஒருவரும் பார்க்கவில்லை.

ஒளிபரப்பான மறுநாளே நான் நடிகைக்குத் தொலைபேசி எடுத்திருந்தேன். "பார்த்தேன்," என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தத் தொடர் பிறகு ஜப்பானுக்கும் விற்கப்பட்டது. ஒரு காலத்தில் அவரைத் தெருவில் மறித்த பெண்களும் அதைப் பார்த்திருப்பார்கள். அவருடைய தங்கை அங்கிருந்து அழைத்து, ஏன் அக்கா அப்படி உடுத்தச் சம்மதித்தாய் என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு அவர் எந்த நடிகர் தேர்வுக்கும் போகவில்லை. லண்டனின் வங்கிப் பகுதியான சிட்டியில் வங்கிக்காரர்களுக்கு ஜப்பானிய மொழி படிப்பித்தார். எல்லோரும் அவரை மிகவும் இனிமையான டீச்சர் என்று சொன்னார்களாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், தன் வீட்டுக்கு வரும்படி அழைத்தார். வட லண்டனில் அமைதியான ஒரு தெரு. தலை முழுக்க நரைத்திருந்தது, முதுகு மட்டும் இன்னும் வளையவில்லை. தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, கையில் ஒரு கடிதத்தோடு எதிரில் உட்கார்ந்தார். அன்று எடுத்துப் பயன்படுத்தாமல் விட்ட அந்தக் காட்சியின் சுருளை ஒரேயொரு முறை பார்க்கத் தருவீர்களா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். வெட்டிய துண்டுகளையெல்லாம் எப்போதோ எறிந்துவிட்டார்கள் என்று பதில். கமெராக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டாராம். அவருக்கு எந்தத் தொடர் என்றே நினைவில்லை. இயக்குநரும் அதிகாரியாக நடித்தவரும் இறந்துவிட்டார்கள்.

"மிஞ்சியிருப்பது நீங்கள் ஒருவர்தான்," என்றார். "அங்கே என் படமெல்லாம் இருக்கிறது. எது நன்றாகச் செய்தேன், எது கெடுத்தேன் என்று எனக்குத் தெரியும். இது ஒன்று மட்டும் தெரியவில்லை. நீங்கள் கமெராவுக்குப் பக்கத்தில் நின்றீர்கள். மரியாதைக்காகச் சொல்லாதீர்கள். நான் எப்படிச் செய்தேன்?"

"மிகவும் நன்றாகச் செய்தீர்கள்," என்றேன் உடனே.

அவருடைய முகம் மலர்ந்தது. சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எந்த இடம்?" என்று கேட்டார்.

சொல்வதற்கு அந்தக் காட்சியை நினைவில் தேடினேன். அத்தனை வருடம் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிக் கொதித்தேனே, அந்தக் காட்சியை நான் பார்க்கவே இல்லை. அவசரத்தில் ஒற்றை நூலில் தைத்த நடுக் கொக்கி கழன்றுவிடுமோ, கழன்றால் டிசைனர் என் ஒப்பந்தத்தை முடித்துவிடுவாரோ என்ற பயத்தில், மூன்று பக்கமும் அவருடைய மார்புக்குக் கீழே ஒரு விரற்கடை இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.